இது கனவு என்று தெரிந்துவிட்டால்!

நேற்று இரவு நீங்கள் என்ன கனவு கண்டீர்கள்?

"கனவா? படுத்தால் கட்டை, எழுந்தால் காப்பி! கனவு காண எனக்கு எங்கே நேரம்?" என்று சிரிக்கிறீர்களா? அப்படிச் சொல்கிறவர்களும் பெரும்பாலும் ஒவ்வோர் இரவும் கனவு காணத்தான் காண்கிறார்கள். எழுந்ததும் பால் பாக்கெட், குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூட வேன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதுகிறபோது கனவு கரைந்து போய்விடுகிறது. அவ்வளவுதான்.

இருக்கட்டும். நான் கேட்க வந்தது வேறு கேள்வி. கனவு நடந்து கொண்டிருக்கும்போதே, "அட, இது கனவுதானே!" என்று உங்களுக்கு எப்போதாவது தெரிந்திருக்கிறதா? பரீட்சை மண்டபத்தில் பேனா எழுதாமல் தவிக்கிறீர்கள், திடீரென்று, "எனக்குப் பரீட்சை ஏது? என் பெண்ணே காலேஜில் படிக்கிறாளே!" என்று ஒரு தெளிவு பிறக்கிறது. ஆனாலும் விழித்துக் கொள்ளவில்லை. பரீட்சை மண்டபம் அப்படியே இருக்கிறது. பயம் மட்டும் போய்விடுகிறது.

இப்படிப்பட்ட கனவுக்கு ஆங்கிலத்தில் 'லூசிட் ட்ரீம்' என்று பெயர். நாம் 'தெளிவுக் கனவு' என்று வைத்துக் கொள்வோம். இரண்டு வருஷமாக எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் ஆகாயம்

நான் இருப்பது பொழிச்சலூரில். பல்லாவரத்துக்கு மேற்கே, விமான நிலையத்தின் மதில் சுவரை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். சனிக்கிழமைகளில் எங்கள் அகத்தீஸ்வரர் கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. அங்கே சனீஸ்வரனுக்குத் தனிச் சந்நிதி உண்டு; 'வட திருநள்ளாறு' என்றே பெயர். மற்ற நாட்களில் எங்கள் ஊருக்குப் பெருமை விமானங்கள்தான். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது தலைக்கு மேல் அவ்வளவு தாழ்வாகப் போகும். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாதி வாக்கியத்தில் நிறுத்துவோம். விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் முதல் நாள் இதைப் பார்த்து விழிப்பார்கள். மூன்றாம் நாள் அவர்களும் அப்படியே பேசுவார்கள்.

எங்களுக்கு இன்னொரு அண்டை வீட்டுக்காரியும் உண்டு: அடையாறு. சாதாரண நாளில் அவள் இருக்கிற இடமே தெரியாது. 2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதி இரவு அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தாள்.

அந்த மழையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டார்கள். ஆறு கரையை மீறியது. பின்கட்டுக் கதவின் அடியில் முதலில் ஒரு கோடு போலத் தண்ணீர் வந்தது. துணியை வைத்து அடைத்தேன். அரை மணிக்குள் முழங்கால், பிறகு இடுப்பு. அம்மா தன் தையல் மெஷினை விட்டு நகர மாட்டேன் என்றாள். அப்பா போன பிறகு எங்களை வளர்த்தது அந்த மெஷின்தான். அவள் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு வாசலுக்கு வந்தேன். இருட்டில், ஓடுகிற தண்ணீரில், அவள் கை என் பிடியிலிருந்து நழுவிற்று. ஐந்து விநாடி இருக்கும். எதிர்வீட்டுக்காரர் அவளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மாடி வீட்டில் மூன்று நாள் இருந்தோம். அந்த மூன்று நாளும் ஆகாயத்தில் ஒரு சத்தம் இல்லை. ஓடுபாதையிலும் தண்ணீர், விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை.

அம்மாவுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடியும் தைத்தாள். 2019-ல், உடம்புக்கு முடியாமல், படுக்கையிலேயே அமைதியாகக் கண்ணை மூடினாள்.

ஆனால் எனக்கு மட்டும் அந்த ஐந்து விநாடி முடியவே இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை அதே கனவு. பின்கட்டுக் கதவு, தண்ணீர், இருட்டு, கையில் கை இல்லை. "அம்மா, அம்மா" என்று ஓடுவேன். வியர்த்து எழுந்து உட்காருவேன். அம்மா காலமான பிறகு வாரம் ஒரு தடவை வர ஆரம்பித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாத விடியற்காலை. அதே கனவு, அதே தண்ணீர். நான் வாசலில் நின்று தலையைத் தூக்கினேன். தலைக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. பெரிய விமானம், ஜன்னல்களில் எல்லாம் விளக்கு. ஆனால் சத்தமே இல்லை!

பொழிச்சலூரிலாவது, சத்தமில்லாத விமானமாவது! அதுவும் வெள்ளத்தன்று விமானம் ஏது?

"இது கனவு!" என்று நினைத்தேன். அந்த ஆச்சரியத்திலேயே விழித்துக் கொண்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு வியர்க்கவில்லை. நெஞ்சு படபடக்கவில்லை. படுக்கையில் கிடந்தபடி யோசித்தேன்: விழிக்காமல் இன்னும் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றிருந்தால்?

எட்டு வயதுப் பையனின் கண்கள்

பத்திரிகையில் வேலை பார்ப்பவளுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? படிக்கத் தொடங்கினேன்.

தூக்கம் என்றால் மூளை விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கொள்கிறது என்றுதான் வெகு காலம் விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் சிகாகோ சர்வகலாசாலையில் யூஜீன் அசெரின்ஸ்கி என்று ஓர் ஏழை மாணவர். ஒரு பழைய யந்திரத்தைத் தூசி தட்டி எடுத்து, தூங்குகிறவர்களின் கண் அசைவைப் பதிவு செய்ய முயன்றார். பரிசோதனைக்கு ஆள் வேண்டுமே? தம் எட்டு வயது மகனையே படுக்க வைத்துக் கம்பிகளை ஒட்டினார். பையன் நன்றாகத் தூங்கிக் கொண்டிருக்கையில் யந்திரத்தின் பேனா திடீரென்று தாறுமாறாக ஆடிற்று. 'விழித்துக் கொண்டுவிட்டான் போலிருக்கிறது' என்று போய்ப் பார்த்தால், பையன் அயர்ந்து தூங்குகிறான்! மூடிய இமைக்குள்ளே கண்கள் மட்டும் அங்குமிங்கும் ஓடிக் கொண்டிருந்தன.

அசெரின்ஸ்கியும் அவருடைய ஆசிரியர் நத்தானியல் க்ளைட்மனும் 1953-ல் இதை வெளியிட்டார்கள். அப்படிக் கண் உருளும் நேரத்தில் எழுப்பிக் கேட்டால், பெரும்பாலோர் "கனவு கண்டு கொண்டிருந்தேன்" என்றார்கள். தொட்டிலில் தூங்கும் குழந்தையின் இமை துடிப்பதைப் பார்த்து நம் பாட்டிமார், "சாமி பூ காட்டுகிறார்" என்று சொல்வதில்லையா? அதே துடிப்புதான்.

நம் தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு சுற்றாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இந்தக் கண் உருளும் தூக்கம் வருகிறது. முன்னிரவில் அது சில நிமிஷமே. விடிய விடிய நீண்டு கொண்டே போகும். ஆகவே நீண்ட, நாடகம் போன்ற கனவுகள் விடியற்காலையில்தான் அதிகம். "விடியற்காலைக் கனவு பலிக்கும்" என்பார்கள் பெரியவர்கள். பலிப்பதற்கு நான் ஜாமீன் நிற்க மாட்டேன். ஆனால் விடியற்காலைக்கு ஒரு விசேஷம் உண்டு என்று அவர்கள் கண்டுகொண்டார்களே, அது சரிதான்.

இன்னொரு விஷயம். கண் உருளும் தூக்கத்தில், கண்ணையும் மூச்சையும் தவிர, உடம்பின் தசைகளை மூளை ஏறக்குறையப் பூட்டி வைத்துவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் நிஜமாகவே எழுந்து ஓடிச் சுவரில் முட்டிக் கொள்வார்! சில சமயம் பூட்டுத் திறப்பதற்கு முன்பே நாம் விழித்துக் கொண்டுவிடுகிறோம். கை கால் அசையாது, குரல் வராது, மார்பின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். 'அமுக்குவான் பேய்' என்று கிராமத்தில் பயப்படுவது இதைத்தான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சாவி திறக்கச் சற்றுத் தாமதம், அவ்வளவுதான்.

கண்ணால் அடித்த தந்தி

தெளிவுக் கனவைப் பற்றி எழுதி வைத்தவர்கள் பழங்காலத்திலேயே உண்டு. தூங்கும்போதே 'இது கனவு' என்று மனத்தில் ஏதோ ஒன்று சொல்வதுண்டு என்று கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர் ஒருவர், எர்வே த சாந்தெனி என்பவர், 1867-ல் தம் கனவுகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 'லூசிட் ட்ரீம்' என்ற பெயரை 1913-ல் பரப்பியவர் ஹாலந்து தேசத்து மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃப்ரெடரிக் வான் ஈடன்.

ஆனால் சொன்னால் போதுமா? "ஐயா, நீர் அரைத் தூக்கத்தில் இருந்திருப்பீர். நடுவில் விழித்துக் கொண்டிருப்பீர்" என்று பண்டிதர்கள் கையை விரித்துவிட்டார்கள். கனவுக்குள் இருப்பவர் வெளியே இருப்பவருக்கு எப்படிச் சாட்சி சொல்வது? வாய் பூட்டியிருக்கிறது, கை கால் பூட்டியிருக்கிறது.

கண் பூட்டப்படவில்லையே!

இங்கிலாந்தில் ஹல் சர்வகலாசாலையில் கீத் ஹேர்ன் என்ற ஆராய்ச்சியாளருக்கு இந்த யோசனை உதித்தது. தெளிவுக் கனவில் பழக்கமுள்ள ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம், "கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக, கணக்காக அசையுங்கள்" என்று முன்கூட்டியே பேசி வைத்தார். 1975 ஏப்ரல் 12-ந் தேதி காலை. மூளையின் பதிவும் தசையின் பதிவும் 'இவர் தூங்குகிறார்' என்று காட்டுகின்றன. அதே சமயத்தில் கண்ணின் பதிவில், பேசி வைத்தபடியே, இடம், வலம், இடம், வலம்! கனவு உலகத்திலிருந்து வந்த முதல் தந்தி அது.

கடல் தாண்டி அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஸ்டீஃபன் லபெர்ஜ் என்பவர், ஹேர்னின் வேலையை அறியாமலே, அதே வழியில் போய் 1980-ல் தம் டாக்டர் பட்டத்துக்கே அதைப் பொருளாக்கினார். கனவுக்குள் பத்து விநாடி எண்ணச் சொல்லி, ஆரம்பத்திலும் முடிவிலும் கண் சைகை கேட்டார். விழித்திருக்கும்போது எண்ணுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ, கனவிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆயிற்று. 'ஒரு யுகமே கனவில் ஒரு நொடியில் கழிந்துவிடுகிறது' என்று நாம் நினைப்பதற்கு இது நேர் விரோதமல்லவா? பிற்பாடு ஜெர்மனியில் கனவுக்குள் தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்தார்கள். அதற்கு நிஜத்தைவிட அதிக நேரம் பிடித்தது! கனவில் துரத்தப்படும்போது கால் நகர மாட்டேன் என்கிறதே, அது எனக்கு ஞாபகம் வந்தது.

2021-ல் நடந்தது இவை எல்லாவற்றையும்விட விசித்திரம். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, ஹாலந்து ஆகிய நான்கு தேசத்து ஆராய்ச்சிக் கூடங்கள் சேர்ந்து 36 பேரைக் கொண்டு பரிசோதனை செய்தன. கனவு காண்கிறவரிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்பது. அவர் கனவுக்குள்ளிருந்தே பதில் சொல்வது! அமெரிக்காவில் 19 வயது இளைஞர் ஒருவர் தூங்கிக் கொண்டிருக்கிறார். "எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு?" என்று மெல்லக் கேட்டார்கள். அவருடைய கண் இடம் வலமாக இரண்டு முறை அசைந்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடியும் இரண்டு! ஆனால் எல்லாத் தடவையும் இப்படிப் பலித்துவிடவில்லை. கேட்ட கேள்விகளில் ஐந்தில் ஒன்றுக்குக் கூடச் சரியான பதில் வரவில்லை; பாதிக்கு மேல் பதிலே கிடையாது. என்றாலும் ஒன்று வந்தாலும் வந்ததுதானே!

தெளிவுக் கனவின்போது மூளையில் என்ன நடக்கிறது? சாதாரணக் கனவில் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை மந்தமாக இருக்கிறது. 'இது பொருந்துமா, நடக்குமா?' என்று விசாரிக்கிற வேலையில் அதற்குப் பெரும் பங்கு. அது அரைத் தூக்கத்தில் இருப்பதால்தான், காலஞ்சென்ற தாத்தா மெட்ரோ ரயிலில் வந்து இறங்கினாலும் நாம் கனவில் "வாங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறோம்! தெளிவுக் கனவில் அந்த விசாரணை அதிகாரி பாதி கண் திறந்து பார்க்கிறார் என்று 2009-லும் 2012-லும் ஜெர்மனியில் நடந்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் அவை மிகச் சிலரிடம் செய்த சோதனைகள். முடிந்த முடிவு என்று அவற்றைக் கொள்வதற்கில்லை.

இது ஏதோ யோகிகளுக்கும் சித்தர்களுக்கும் மட்டும் வாய்ப்பது என்று எண்ணிவிடாதீர்கள். ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகளைக் கூட்டிக் கணக்கெடுத்து 2016-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 55 பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது தெளிவுக் கனவு கண்டிருக்கிறார்கள். 23 பேர் மாதம் ஒரு தடவையேனும் காண்கிறார்கள்.

நம் வீட்டுக் கனவுகள்

இதையெல்லாம் படித்துக் கொண்டிருந்தபோது நம் பக்கமும் திரும்பிப் பார்த்தேன். மாண்டூக்ய உபநிஷத்து என்று பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட சின்னஞ்சிறு நூல். விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்று மூன்றையும் பிரித்து, மூன்றுக்கும் சாட்சியாய் நான்காவது ஒன்று உண்டு என்கிறது. திபெத்தில் பௌத்தத் துறவிகள் கனவையே ஒரு யோகமாகப் பயில்கிறார்கள். கனவைக் கனவென்று அறிந்து பழகினால் விழிப்பில் உள்ள பயங்களும் தளரும் என்பது அவர்கள் கருத்து.

நம் தமிழ்ப் பெண்களையும் பாருங்கள். கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் கெட்ட கனவைச் சொல்லி நடுங்குகிறாள். சிலப்பதிகாரத்தில் அந்தக் காதைக்கே 'கனாத்திறம் உரைத்த காதை' என்று பெயர். ஆண்டாள் தன் கல்யாணத்தையே கனவில் கண்டு தோழிக்குச் சொல்கிறாள். வள்ளுவர் 'கனவுநிலை உரைத்தல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதில் வரும் தலைவி, 'விழிப்பு என்று ஒன்று இல்லாதிருந்தால் கனவில் வந்தவர் என்னைப் பிரிய மாட்டாரே' என்று ஏங்குகிறாள். அம்மா போன பிறகு அந்தக் குறளைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கணித மேதை ராமானுஜனை மறக்கலாமா? நாமக்கல் நாமகிரித் தாயார்தான் தமக்குக் கணக்கு அருளுவதாக அவர் நம்பினார். தூக்கத்தில் சிவப்பான ஒரு திரை தோன்றும்; ஒரு கை வந்து அதில் சூத்திரங்களை எழுதும்; எழுந்ததும் காகிதத்தில் குறித்துக் கொள்வாராம். கடல் கடக்க வேண்டாம் என்று தடுத்த அவர் தாயார் கோமளத்தம்மாளும், ஒரு கனவு கண்ட பிறகே சம்மதித்தார் என்று சொல்வார்கள். 1914 மார்ச் 17-ந் தேதி சென்னையிலிருந்து கப்பல் புறப்பட்டது. ராமானுஜன் கண்டது தெளிவுக் கனவா என்று இன்று யார் சொல்ல முடியும்? ஆனால் தூங்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்களும் தியானம் பழகியவர்களின் தூக்கத்தை அளந்திருக்கிறார்கள். வயது ஏற ஏறக் குறைய வேண்டிய ஆழ்ந்த உறக்கம், விபஸ்ஸனா தியானம் பழகிய நடுத்தர வயதினரிடம் இளைஞர்களைப் போலவே இருந்தது என்று 2006-ல் எழுதினார்கள். பகலில் மனத்துக்குக் கொடுக்கும் பயிற்சி, இரவிலும் கூட வருகிறது என்பதுதான் எனக்கு அதில் கிடைத்த பாடம்.

விமானம் போகும்போதெல்லாம்

சரி, எப்படிப் பழகுவது? நான் படித்துப் பழகியதைச் சொல்கிறேன்.

முதலாவது, தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும். எழுந்தவுடன் புரளாமல், கண்ணைத் திறக்காமல், "என்ன கண்டேன்?" என்று கேட்டுக் கொண்டு, கிடைத்ததைக் குறித்து வைப்பது. முதல் வாரம் ஒன்றும் இராது. பிறகு ஒவ்வொன்றாக வந்து மாட்டும். உங்கள் கனவுகளில் அடிக்கடி வரும் அதிசயம் எது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பகலில் அவ்வப்போது, "இப்போது நான் காண்பது கனவா?" என்று உண்மையாகவே சந்தேகப்படுவது. சும்மா வாயால் கேட்டால் போதாது, சோதிக்க வேண்டும். கனவில் எழுத்தும் கடிகாரமும் நிலையாக இரா; ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி பார்த்தால் பெரும்பாலும் மாறிவிடும். நான் வாசல் கோலத்தின் புள்ளிகளை இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பேன். பகலில் பழகிய கேள்வி ஒரு நாள் கனவிலும் தானாக வரும்.

மற்றவர்கள் இதற்குக் கடிகார மணி வைத்துக் கொள்கிறார்கள். எனக்கு அந்தச் செலவு இல்லை. தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம், 'சத்தம் கேட்கிறதா? இது கனவா?' என்று கேட்டுக் கொண்டேன். ஒரு நாள் காலையில் வாய்விட்டே கேட்டுவிட்டேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "கனவாயிருந்தால் காப்பி தானாக வந்திருக்குமே!" என்றார்.

மூன்றாவது, ஐந்து மணி நேரம் தூங்கிய பின் எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, சற்று முன் கண்ட கனவை நினைத்து, 'அடுத்த கனவில் இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்' என்று மனத்தில் உறுதி சொல்லிக் கொண்டே மறுபடி தூங்குவது. லபெர்ஜ் வகுத்த முறை இது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு சர்வகலாசாலையில் 2017-ல் சோதித்தார்கள். இத்தகைய முறைகளைச் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் செய்த முயற்சிகளில் நூற்றுக்கு 17 பலித்தது. உறுதி சொல்லிக் கொண்ட ஐந்து நிமிஷத்துக்குள் தூங்கிவிட்ட இரவுகளில் 46 பலித்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தினமும் நடு இரவில் எழுந்து தூக்கத்தைக் கெடுத்துக் கொள்வது புத்திசாலித்தனமல்ல. நானே ஒரு வாரம் அப்படிச் செய்து சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். கைக்குழந்தைக்காரிகள் இதன் பக்கமே போக வேண்டாம். கிடைக்கிற தூக்கத்தைத் தூங்குங்கள். எது நிஜம், எது பிரமை என்று குழம்பும் மனநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

கெட்ட கனவால் தவிப்பவர்களுக்கு இதைவிட எளிய வழியும் உண்டு. விழித்திருக்கும்போது அந்தக் கனவின் முடிவை நல்லபடியாக மாற்றி எழுதி, அதைத் தினமும் சில நிமிஷம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. பாலியல் கொடுமைக்கு ஆளான 168 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சி 2001-ல் வெளியாயிற்று. இம்முறையைப் பழகியவர்களுக்குக் கெட்ட கனவு குறைந்தது. ஹாலந்தில் 2006-ல், தெளிவுக் கனவு பழகக் கற்றுக் கொடுத்தும் கெட்ட கனவைக் குறைத்துப் பார்த்தார்கள். சிறிய சோதனை, 23 பேர்தான். துன்பம் பெரிதாயிருந்தால் மனநல மருத்துவரிடம் போவதற்குத் தயங்காதீர்கள். பல்வலிக்குப் போவதில்லையா?

மறுபடியும் அந்தத் தண்ணீர்

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கார்த்திகை மாதம். வெளியே நிஜமாகவே மழை. விடியற்காலையில் அந்தக் கனவு வந்தது.

பின்கட்டுக் கதவு. தண்ணீர். இருட்டு. நான் ஓடுகிறேன். தலைக்கு மேல் விளக்குகளோடு அந்த விமானம், சத்தமில்லாமல்.

'இது கனவு.'

இந்தத் தடவை துள்ளி விழவில்லை. நின்றேன். தண்ணீரைக் கையால் தொட்டேன், குளிரவில்லை. ஏழு வருஷத்துக்கு மேலாக இந்தக் கனவில் முன்பக்கமாகவே ஓடியிருக்கிறேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தோன்றிற்று. திரும்பினேன்.

அம்மா கூடத்தில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாதம் வரைதான் தண்ணீர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா இப்படி ஓடறே? நான் இங்கேதானே இருக்கேன்? இந்த ஊசியிலே நூலைக் கோத்துக் குடு, கண்ணு தெரியலே" என்றாள்.

கோத்துக் கொடுத்தேன். அவள் விரல் என் விரலில் பட்டது. அவ்வளவுதான், விழித்துக் கொண்டேன். மேலே ஒரு விமானம், காது கிழியும் சத்தத்தோடு போய்க் கொண்டிருந்தது.

வந்தது அம்மாவின் ஆவி என்று நான் சொல்லவில்லை. அவள் பேசிய வார்த்தை என் மூளையே எழுதியதுதான். அம்மா தினமும் சாயங்காலம் என்னிடம் சொன்னதுதான். ஆனால் அந்த ஐந்து விநாடி அன்றைக்கு முடிந்தது. அதற்குப் பிறகு வெள்ளக் கனவு இரண்டே தடவை வந்திருக்கிறது. ஒரு தடவை கனவென்று தெரிந்தது. ஒரு தடவை தெரியவில்லை. தெரியாத அன்றும்கூடப் பழைய பயம் இல்லை.

எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்கள் கனவில் வருவது வெள்ளமாக இருக்காது. பரீட்சையாகவோ, தவறவிட்ட ரயிலாகவோ, மூடின கதவாகவோ இருக்கலாம். இன்றிரவு படுக்கப் போகும்போது தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக் கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், பால் பாக்கெட்டை எடுக்க ஓடுவதற்கு முன் ஒரு நிமிஷம் அப்படியே படுத்திருங்கள். அந்த ஒரு நிமிஷம் பொறுத்தால் அடுப்பு கோபித்துக் கொள்ளாது.

அம்மாவின் தையல் மெஷின் இப்போது எங்கள் கூடத்தில் ஜன்னல் ஓரமாக இருக்கிறது. போன வாரம் எண்ணெய் போட்டேன். நன்றாக ஓடுகிறது.